மீன் இல்லை என்று எழுதிய ஓடை

வடகோடிக் குளிர்நாட்டில், நுஷகாக் ஆற்றங்கரை ஊரின் பள்ளிக்கூடச் சுவரில் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். சுரங்கத்துக்குச் சாலை வரப்போகும் வழியில் ஒரு சின்ன ஓடை. பக்கத்தில் ‘மீன் இல்லை’ என்று எழுதியிருந்தது. ஒக்கலேனா அதை இரண்டு முறை படித்தாள். கணவன் உயிரோடிருந்தபோது அந்தக் கரையில் பெர்ரி பறித்திருக்கிறாள், தண்ணீருக்குள் பார்த்ததில்லை.

“சால்மன் மீன் இருக்குன்னு பதிவானா அங்க சாலை போட விடமாட்டாங்கதான?” என்று தம்பி கஸ்டியிடம் கேட்டாள். அவனுக்குக் கம்பெனி முகாமில் வேலை.

“அது ஒரு சாண் ஓடைதான்க்கா. அதுல எந்த மீன் குடித்தனம் நடத்துது? வருஷத்துல ஆறு வாரந்தான் வலை போடுறோம். மிச்ச நாள் என் பொண்ணுங்களுக்கு என்னத்தப் போட?”

“நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“போ. கரடிக்கும் பேச்சுத்துணை வேணும்ல.”

வேறு யாரும் கூட வரவில்லை. பாதி ஊருக்கு வேலை வேண்டும். மீதிப் பாதிக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை.

ஒரு நாள் படகு, அரை நாள் சதுப்பில் நடை. மீன்முட்டையை இரையாக வைத்துக் கம்பிப் பொறியை ஓடையில் இறக்கினாள். இரண்டு நாள் மழைதான் கிடைத்தது. கூடாரத்துக்குள் தனக்குத்தானே பேசிக்கொண்டவள், தன் குரலைக் கேட்டே கூச்சப்பட்டு நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, பொறிக்குள் விரல் நீளத்தில் நான்கு சால்மன் குஞ்சுகள்.

“இருக்கு!” என்று கத்தினாள். திரும்பிப் பார்க்க அங்கே ஆளில்லை. படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, குஞ்சுகளை மெல்ல விட்டாள்.

அவள் அனுப்பிய படத்தை வைத்து அடுத்த கோடையில் மீன்வளத் துறையினர் வந்து பார்த்து, ஓடையைப் பட்டியலில் சேர்த்தார்கள். சாலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் முகாம் மூடப்பட்டது. கஸ்டி மனைவி, மகள்களோடு ஆங்கரேஜ் நகரத்துக்குக் கிளம்பினான்.

விமானத்தடத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு அவளிடம் வந்தான். “நீ செஞ்சது சரிதான்க்கா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை, ‘உனக்குக் கஷ்டமா இருக்கும்டா’ன்னு சொல்லியிருக்கலாம்.”

அவள் அவன் தோளைத் தொடக் கை நீட்டினாள். அதற்குள் விமானி அவனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூனில் சால்மன் வந்தது. ஆறே நிறைந்துபோகும்படி வந்தது. எப்போதும் இரண்டு பேராக இழுக்கும் வலையை ஒக்கலேனா தனியாகவே கரைக்கு இழுத்தாள்; கை மரத்துப்போகும்வரை மீன் கழற்றினாள். புகையில் வாட்டியதில் முதல் பெட்டியைத் தம்பிக்கு அனுப்பினாள். பக்கத்தில் கஸ்டியின் வீட்டு ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. வீட்டுக்குள் போகப் பிடிக்காமல், மீன் உலரும் கொடியின் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.