மண்டோர் தர்மாவின் மாத்திரைப் பெரட்டு

1.

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து வந்தது. நம்பமாட்டீர்கள். நான் சொன்ன எதையும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாரும் நம்பியதில்லை. ரப்பர் மரத்தில் புலி ஏறி ஒட்டுப்பால் தின்றதை என் கண்ணால் பார்த்தேன் என்றபோதும் சிரித்தார்கள். ஆகவே இம்முறை உண்மையை மட்டும் எழுதுவதென்று உட்கார்ந்திருக்கிறேன். பழக்கமில்லை.

முதல் தொடக்கம்: தர்மா காலையில் பதினான்கு மாத்திரைகளை விழுங்கியதைப் பார்த்த பூனை மயங்கி விழுந்து...

(வேண்டாம். பூனை பொய். பதினான்கு உண்மை.)

2.

தர்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் மண்டோர், அதாவது கங்காணி. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் போய், அவரும் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்து இருபது வருஷமாகிறது. பெரட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது சாப்பாட்டு மேசையில், மாத்திரைகளுக்கு.

“ரோஸு வட்டம்? வந்தாச்சு. நெட்டக் கேப்சூல்? வந்தாச்சு.”

தூக்க மாத்திரையும் காலையிலேயே ஆஜர். தோட்டத்தில் ராத்திரி வேலை கிடையாது.

[சிரிக்கிறவர்கள் இந்தப் பத்தியையும் படித்துவிட்டுச் சிரிக்கலாம். தோட்டம் கைமாறிய அன்று, வேலை போன நாற்பது பேரின் பெயர்களைத் தர்மாதான் உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்ததில்லை.]

அதனால்தான், அரசாங்கக் கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியபோது, புதியதைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் மிஞ்சிய பழையதையும் நிறுத்தவில்லை. ஈப்போவில் ஒரு தனியார் டாக்டர் அந்தப் புதியதையே வேறு பெயரில் எழுதிக் கொடுத்தார். அதுவும் வரிசையில் நின்றது. கடைசியில், பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கொடுத்த மஞ்சள் சளி மாத்திரை.

(அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சின்னப் பாத்திரம். கவனிக்க வேண்டாம்.)

3.

மூன்று மாதத்தில் நான்கு தடவை விழுந்தார். ஒரு மத்தியானம் மகள் புனிதாவைப் பார்த்து, “சரளா, பால் வாளி எங்க?” என்று கேட்டார். சரளா அவர் மனைவி. இறந்து ஒன்பது வருஷம்.

புனிதா ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்தாள்.

“நீங்க இங்க தனியா விழுந்து கெடந்தா யாருப்பா பாக்குறது?”

“நான் விழல. தரைதான் மேல ஏறி வந்துச்சு.”

“மூள கலங்குதுப்பா ஒங்களுக்கு.”

“அப்ப தஞ்சோங் ரம்புத்தானுக்கே அனுப்பிடு லா. பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி. காத்து நல்லா வரும்.”

“மாசக் கடைசி ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போக வாரேன். ரெடியா இருங்க.”

[புனிதாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அவள் பயந்திருந்தாள், அவ்வளவுதான்.]

அன்று இரவு தர்மா

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் அழுதாரா என்பது அவர் பாடு.)

4.

கிளினிக்கின் மருந்தாளர் மாதுமை, அவர் அடிக்கடி விழுவதைக் கேட்டு, வீட்டிலிருக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அந்தப் பிளாஸ்டிக் பையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிப் போனார். நல்ல கனம்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எதற்கு, யார் கொடுத்தது, எப்போது போடுகிறார் என்று கேட்டாள். நாற்பது நிமிஷம். நடுவில் எழுந்து போய் டாக்டரிடம் பேசிவிட்டும் வந்தாள்.

“அங்கிள், இதுவும் இதுவும் ஒரே மருந்து, பேருதான் வேற. இந்தப் பழசப் போன வருஷமே நிறுத்திட்டோம். மூணும் சேந்து பிரஷர எறக்கிடுது. அதான் எந்திரிச்சா தல சுத்துது.”

“நிறுத்தணுமா மிஸ்ஸி?” தர்மாவின் குரல் இறங்கியது. “அதுங்க என்னா தப்புப் பண்ணுச்சு?”

மாதுமை சிரிக்கவில்லை. “தப்பு ஒண்ணுமில்ல அங்கிள். அதுங்க வேல முடிஞ்சிருச்சு.”

“தூக்க மாத்திர?”

“அத மட்டும் சட்டுன்னு நிறுத்தக்கூடாது. வாரக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும். டாக்டர் எழுதியிருக்காரு. காலையில வேணாம், படுக்கப் போறப்ப.”

“அப்ப நோட்டீஸ் உண்டு.”

“உண்டு.”

“தோட்டத்துல எங்களுக்கு அது கெடைக்கல லா,” என்றார் தர்மா. நிறுத்த வேண்டியவற்றைத் தன் கையாலேயே அவள் பக்கம் நகர்த்தினார்.

“இந்த மஞ்சள் யாரு குடுத்தா? வயசானவங்களுக்கு இது மூளைய மந்தமாக்கும். ஆள் அடையாளம்கூடத் தடுமாறும்.”

பக்கத்து வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். தர்மாவும் கூரையைப் பார்த்தார்.

“ஞாபகமில்ல மிஸ்ஸி. எனக்குத்தான் மூள கலங்கிப்போச்சே.”

(நான்தான் கொடுத்தேன். எனக்குச் சளி போயிற்று, அவருக்கும் போகட்டும் என்று. தர்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பொய் எவ்வளவு அன்பாக இருக்கும் என்பது, ஆயிரம் பொய் சொன்ன எனக்கு அன்றுதான் தெரிந்தது.)

“நாந்தாம்மா,” என்றேன்.

“இனிமே கறி குடுங்க அங்கிள்,” என்றாள் மாதுமை. “மாத்திர வேணாம்.”

நன்றி சொல்ல வார்த்தை தேடினேன். பெரிய வார்த்தைகள் எல்லாம் புலிக்கே செலவாகியிருந்தன. “ரொம்ப நன்றிம்மா” என்று மட்டும் சொன்னேன்.

5.

முடிவு அ: தர்மா குகைக்கோயில் படிகளில் ஓடி ஏறினார், பின்னால் வந்த குரங்குகள் மூச்சு வாங்கின. (அழகாகத்தான் இருக்கிறது. பொய்.)

முடிவு ஆ: அவர் மறுபடியும் விழு

(எழுத மாட்டேன்.)

நடந்தது இதுதான். மேசையில் இப்போது காலைக்குப் பத்து. தூக்க மாத்திரை பாதியாகி நோட்டீஸில் இருக்கிறது. மூன்று வாரமாக விழவில்லை. முட்டி வலி அப்படியேதான்.

இன்று மாசக் கடைசி ஞாயிறு. புனிதாவின் கார் வந்துவிட்டது. தர்மா வாசற்படி மூன்றையும் கம்பியைப் பிடிக்காமல் இறங்குகிறார்.

“கையப் புடிக்கவாப்பா?”

“வேணாம். நீ பாரு.”

அவள் பார்க்கிறாள். ஒரு கை காரின் பின்கதவில் இருக்கிறது. இதற்கு மேல் பொய்யாக எழுத எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் என் கண்ணாடியில் ஆவி படிந்து, இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. நீங்கள்தான் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அந்தக் கை கதவைத் திறக்கிறதா, விட்டுவிடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.