பாவித்த துவக்கின் கடைசி விலை

டென்மார்க்கில், கோல்டிங் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிற அந்த விளையாட்டுப் பொருள் கடைக்குள் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தலாம். முன்பக்கம் சப்பாத்துகள், கூடாரங்கள், தூண்டில்கள். எல்லாவற்றையும் தாண்டிப் பின்னால் போனால் ஒரு கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் வேட்டைத் துவக்குகள். அந்தக் கண்ணாடிக் கதவடிக்கு வந்ததும் அஜந்தினியின் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

"வாங்கோ மச்சாள்." சுஜிந்தன் கலியாண வீட்டு வாசலில் நிற்பவனைப் போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீங்கள் இல்லாட்டி ஒரு குரோனர் குறைக்க எனக்குத் தெரியாது."

சுஜிந்தன் அவளுடைய தங்கை யூலியானாவின் கணவன். மூன்று கிழமைக்கு முன் யூலியானா ஒரே ஒரு பையோடு அவனை விட்டுப் போயிருந்தாள். அதற்கு முந்திய நாள் அவன் அவளுடைய கைபேசியைச் சுவரில் அடித்து உடைத்தான். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்கிற குரலில், "என்னை விட்டுப் போனியெண்டால் நீ உயிரோட இருக்கமாட்டாய்" என்றான். சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன் என்று யூலியானா அழுதாள். இப்போது அவள் ஸ்கீவ என்கிற ஊரில், முன்பு கூட வேலைசெய்த ஒருத்தியின் வீட்டில் இருந்துகொண்டு, அங்கே ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போகிறாள். அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அஜந்தினி. மற்றவர் அவள் நம்பிச் சொன்ன, கத்தோலிக்கக் கோயில் சபைப் பெரியவர் அந்தோனிதாசன்.

பொலிசுக்குப் போகலாம் என்று அஜந்தினி சொன்னபோது அந்தோனிதாசன் கையை உயர்த்தித் தடுத்தார். "குடும்பத்தை வெள்ளைக்காரனுக்கு முன்னால அவிட்டுக் காட்டாதேங்கோ பிள்ளை. நத்தார்ப் பண்டிகைக்கிடையில நாங்கள் கதைச்சுச் சேர்த்துவைப்பம். பிள்ளை எங்க இருக்கிறாள் எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ." அவளும் சொன்னாள். அந்த மூன்று கிழமையும் சுஜிந்தன் ஒழுங்காகத் தொழிற்சாலைக்குப் போனான், ஞாயிறு பூசைக்கு வந்தான், கண்ட இடத்தில் அவளைச் சுகம் விசாரித்தான். நேற்றுப் பின்னேரம்தான் தொலைபேசி எடுத்தான்.

"மச்சாள், ஒரு பாவித்த துவக்கு பாத்து வைச்சிருக்கிறன். விலை பேச நீங்கள்தான் வரவேணும்."

அப்படிக் கேட்டதில் புதுமை ஒன்றும் இல்லை. அவர்கள் இருக்கிற பிரெடெரிசியா நகரத்தில் தமிழர் யார் பழைய கார் வாங்கினாலும், யார் யாருடைய வீட்டில் போய்ப் பழைய சோபா வாங்கினாலும், விலை பேச அஜந்தினியைக் கூட்டிப்போவார்கள். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கிழவர்களுக்கு நயந்து மாத்திரை கொடுத்துப் பழகிய வாய் அது. கார்க்காரன் தன்னை அறியாமலே ஆறாயிரம் இறங்கி வந்துவிடுவான். சுஜிந்தன் வேட்டைப் பரீட்சை எழுதி அனுமதி அட்டை எடுத்ததும் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு இரவல் துவக்கோடு காட்டுக்குப் போய் ஒரு பறவையும் படாமல் திரும்பி வந்தவன். எனவே வரமாட்டேன் என்று சொல்லக் காரணம் இல்லை. சொன்னால், ஏன், யூலியானா உங்களுக்கு என்ன சொன்னவள் என்று கேட்பான்.

காரில் வரும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். "கையில இரண்டாயிரத்து ஐந்நூறுதான் இருக்கு. விலைச் சீட்டில நாலாயிரத்து எண்ணூறு போட்டிருக்கு. அந்தச் சுவரில அதுதான் ஆக மலிவு."

அப்போதுதான் அவளுக்கு வழி புலப்பட்டது. விலை குறையாவிட்டால் துவக்கு இல்லை. தனி ஆட்களோடும் கார்க்காரரோடும் பேரம் பேசலாம். இந்த நாட்டில் பெரிய கடையில் பேசமுடியாது. ஒருமுறை இப்படி ஒரு கடையில் குளிர்ச்சட்டைக்கு நூறு குரோனர் குறைத்துக் கேட்டபோது, விற்கிற பெண் தன் பையைத் திறந்து பார்த்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். இன்றைக்கு நான் அதைவிட மோசமாகக் கேட்பேன், என்று அஜந்தினி நினைத்துக்கொண்டாள். அவமானப்படுகிற மாதிரிக் கேட்பேன். கடைக்காரன் முகம் சிவந்து, போய்வாருங்கள் என்று சொல்லட்டும்.

துவக்குப் பகுதியில் ஹென்னிங் என்கிற நரைத்த தாடிக்காரர் நின்றார். சுஜிந்தன் காட்டியதும் சங்கிலியைக் கழற்றி அந்த இரட்டைக் குழல் துவக்கை எடுத்து மேசையில் கம்பளித் துணி மேல் கிடத்தினார். அது ஏதோ நித்திரையில் இருப்பதைப் போலிருந்தது.

"நல்ல சாமான். பெல்ஜியத்தில் செய்தது," என்றார் டெனிஷில். "என்ன வேட்டைக்கு?"

"எல்லாத்துக்கும்," என்றான் சுஜிந்தன்.

"தோளில் வைத்துப் பாருங்கள். இந்த மரப் பிடங்கு உங்கள் கைக்கு நீளமாக இருக்கலாம்."

"பரவாயில்லை. இன்றைக்கே கொண்டுபோகலாமா?"

ஹென்னிங் புருவத்தை ஒருமுறை உயர்த்திவிட்டு, வேட்டை அனுமதி அட்டை சரியாக இருந்தால் கொண்டுபோகலாம் என்றார். அவர் துவக்கைப் பற்றிச் சொன்ன எதையும் சுஜிந்தன் கேட்கவில்லை என்பதை அஜந்தினி கவனித்தாள். தொடக்கூட இல்லை. மருந்துக் கடையில் மருந்துக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான்.

அவள் முன்னுக்கு வந்தாள். விரலால் பிடங்கைத் தடவினாள்.

"இதென்ன கீறல்?"

"முள்ளுப் பற்றைக்குள் போய்வந்திருக்கும்."

"இது கறள். குழலே துருவேறியிருக்கிறது."

"கொஞ்சம் கறள்தான்."

"இதற்கு நாலாயிரத்து எண்ணூறா? என் வீட்டு யன்னல் திரைக் கம்பி இதைவிட நேராக இருக்கிறது. ஆயிரம் தருகிறேன்."

அவர் விரட்டுவார் என்று காத்து நின்றாள். பக்கத்து மேசையில் தோட்டாப் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஹென்னிங்கின் முகம் சிவக்கத்தான் செய்தது. ஆனால் அது சிரிப்பால் சிவந்தது.

"மூவாயிரத்து ஐந்நூறு," என்றார்.

அஜந்தினி மறுபடியும் கறளைத் தொட்டுக் காட்டினாள். "நான் ஆயிரம் என்றேன்."

"கேட்டது. சட்டைப் பகுதியில் இப்படிப் பேசினால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே, பழைய துவக்குகளில், எல்லாரும்தான் பேசுகிறார்கள். பேசாமல் வாங்குகிறவனைத்தான் நான் சந்தேகிப்பேன்." அவர் குழலைத் துணியால் ஒற்றினார். "உண்மையைச் சொன்னால், ஈயச் சன்னத்துக்கு இங்கே தடை, இந்த மாதிரிப் பழையது இரும்புச் சன்னத் தோட்டாவுக்குத் தாங்காது. புது வேட்டைக்காரர் தொடமாட்டார்கள். புருசன் செத்தபிறகு மனைவிமார் கொண்டுவந்து தருவார்கள், அலுமாரியில் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று. இது வந்து ஒன்றரை வருடம். மூவாயிரம்."

அவள் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று அந்த இடத்தில்தான் விளங்கியது. பின்வாங்க முயன்றாள். "வேண்டாம். கறள் பிடித்த சாமான். வா சுஜி, போவம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

அது எத்தனையோ கார்க்காரரைக் கூப்பிடவைத்த நடை. இங்கேயும் கூப்பிட்டது.

"இரண்டாயிரத்து ஐந்நூறு!"

சுஜிந்தன் கையைத் தட்டினான். "பாத்தியளா! மச்சாளின்ர நடைக்கே ஐந்நூறு இறங்கீட்டான்." அவன் குரலில் உண்மையான பெருமை இருந்தது. "இன்னும் ஒருக்காக் கேளுங்கோ. உங்களால ஏலும்."

"காணும் சுஜி. இது சரிவராது. வேற பாப்பம்."

"ஏன் மச்சாள் பயப்பிடுறியள்? கேளுங்கோ."

அவள் பேசவில்லை. பேசாமல் இருந்ததையும் ஹென்னிங் ஒரு உபாயம் என்றே எடுத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "இரண்டாயிரம். தோல் உறையும் சேர்த்து. இது கடைசி விலை."

சுஜிந்தன் மேசையில் அனுமதி அட்டையை வைத்தான். அவளுடைய பக்கம் சாய்ந்தான். அவன் பூசியிருந்த வாசனைத் தைலம் ஞாயிறு பூசையில் மணக்கிற அதே தைலம்தான். ஹென்னிங்கைப் பார்த்துச் சிரித்தபடியே, அவருக்கு விளங்காத தமிழில், மெல்லக் கதைத்தான்.

"மிச்சம் ஐந்நூறு இருக்கு. ஸ்கீவ வரைக்கும் போகப் பெற்றோலுக்குக் காணும். திரும்பி வாற கதையைப் பிறகு பாப்பம்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஆர் சொன்னது?"

"அந்தோனிதாசன் அண்ணை. நல்ல மனிசன். கண்ணீர் விட்டு அழுதன், தெருப் பேரையும் சொல்லிப்போட்டார். சேர்த்துவைக்கப் போறாராம்." அதே சோறு கேட்கிற குரல்.

ஹென்னிங் அட்டையை எடுத்துக் கணினியில் எண்ணைத் தட்டத் தொடங்கினார். ஒரு விரலால் தட்டுகிறவர். நான்கு எண், ஐந்து எண். அஜந்தினி அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தொரு வருடமாக இந்த நாட்டில் அவள் டெனிஷ்காரருக்கு முன்னால் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம், எல்லாரும் சுகம் என்ற ஒன்றுதான். பெரியவரின் உயர்த்திய கை கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பின்னால் யூலியானாவின் மணிக்கட்டும் வந்தது. ஊதா நிறத்தில், வளையல் போட்டதுபோல.

"இவனுக்கு இதை விற்காதீர்கள்," என்றாள் டெனிஷில். குரல் நினைத்ததைவிட உரத்து வந்தது. "இவன் என் தங்கையின் புருசன். அவளைக் கொல்லுவேன் என்று சொன்னவன். அவள் ஒளிந்திருக்கிற இடம் இவனுக்குத் தெரிந்துவிட்டது."

ஹென்னிங்கின் விரல் நின்றது.

சுஜிந்தன் சிரித்தான். "குடும்பச் சண்டை," என்றான் டெனிஷில், தோளைக் குலுக்கி. "எங்கட பெண்கள் கொஞ்சம் நாடகம். விலையைக் குறைக்க இதுவும் ஒரு வழி."

"இருக்கலாம்," என்றார் ஹென்னிங். அவர் ஏற்கனவே துவக்கை எடுத்துவிட்டார். அவசரப்படாமல், ஆனால் தாமதிக்காமலும், பின்னாலிருந்த இரும்பு அலுமாரிக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினார். பிறகு அட்டையை மேசைமேல் சுஜிந்தனை நோக்கித் தள்ளினார். "ஆனால் நீங்கள் அதைத் தோளில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு நான் உங்களுக்கு எதுவும் விற்கமாட்டேன்."

சுஜிந்தன் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வாங்கோ மச்சாள். உங்களை வீட்டில விட்டிட்டுப் போறன்."

"நான் வரேல்ல."

"சரி," என்றான். "அப்ப எனக்கு நேரம் மிச்சம்."

கண்ணாடிக் கதவு அவனுக்குப் பின்னால் மெல்ல மூடிக்கொண்டது. அஜந்தினி யூலியானாவின் புது எண்ணுக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை, பேக்கரியில் பின்கட்டில் நிற்பாள், கைபேசி அலுமாரிக்குள் இருக்கும். மறுபடி எடுத்தாள். அதற்குள் ஹென்னிங் தன் கைபேசியில் பொலிசின் அவசர எண்ணான நூற்றுப்பன்னிரண்டை அழுத்தி, "இங்கே ஒருவர் பேசவேண்டும்," என்று சொல்லி அவளிடம் நீட்டினார்.

மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள். அஜந்தினி பேசிக்கொண்டே கூடாரங்களையும் சப்பாத்துகளையும் கடந்து முன்வாசலுக்கு வந்தாள். வாகனத் தரிப்பிடத்தில் சுஜிந்தனின் சாம்பல் நிறக் கார் பின்னுக்கு எடுத்துத் திரும்பியது. இலக்கத்தைச் சொன்னாள். தங்கை இருக்கிற வீட்டையும், பேக்கரியின் பெயரையும் சொன்னாள். மூன்று கிழமையாக அவள் வாயைவிட்டு வெளியே வராத தெருப்பெயர் அது. அந்தோனிதாசனிடம் சொன்ன ஒருமுறையைத் தவிர.

"ஆயுதம் ஏதும் இருக்கிறதா?"

"இல்லை. இப்போது இல்லை."

கார் வடக்கே போகிற நெடுஞ்சாலைக்கு ஏறியது. பிரெடெரிசியாவில் இருக்கிற வீட்டுக்கும் அந்த வழிதான், ஸ்கீவவுக்கும் அந்த வழிதான். பாதை பிரிவது எவ்வளவோ தூரத்துக்கு அப்பால். எந்தப் பக்கம் திரும்புவான் என்று இங்கிருந்து ஒருவராலும் சொல்லமுடியாது. ஸ்கீவவுக்கு ஒன்றரை மணித்தியாலம். துவக்கு இல்லைதான். மணிக்கட்டை முறுக்கியபோதும் அவன் கையில் துவக்கு இருக்கவில்லை.

"ஸ்கீவவில் ஒரு கார் இப்போதே பேக்கரிக்குப் போகிறது," என்றாள் அந்தப் பெண். "உங்கள் தங்கையை அங்கிருந்து கூட்டிப்போவார்கள். அவருடைய காரையும் தேடுகிறோம். நீங்கள் சொன்னதை உங்கள் பெயரில் பதியவேண்டும். பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு முன்னாலேயே இதைச் சொல்லவேண்டி வரலாம். சம்மதமா?"

நாளைக்கு ஞாயிறு. பூசைக்குப் பிறகு வாசலில் எல்லாரும் நிற்பார்கள். அந்தோனிதாசன் நிற்பார். ஒருவேளை அவனும் நிற்பான், அதே தைல வாசத்தோடு.

கார் லொறிகளுக்கு நடுவே மறைந்துவிட்டது. அஜந்தினி தன் முழுப்பெயரையும் சொன்னாள். அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி.