பூட்டிய அலமாரிக்கு அங்கீகாரம்

"யாராவது கேட்டா, குறை இருந்தா மேடம்கிட்ட சொல்வோம், அவங்க உடனே தீர்த்து வைப்பாங்கன்னு சொல்லணும். எங்கே, சொல்லு பார்க்கலாம்."

வீரம்மாள் அன்று காலையில்தான் மாட்டிவிட்ட நீலக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"பாஸ்போர்ட்டக் குடுத்துருங்கம்மா. ஞாயித்துக்கெழம எம் மகளுக்குக் கல்யாணமாம். போயி நிறுத்திட்டு வந்துர்றேன்."

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்னு சொன்னேன்ல?" என்றாள் பானுமதி. அதோடு பேச்சு முடிந்தது.

பானுமதி ஷார்ஜாவில், ரோலா பஸ் நிலையத்துக்கு எதிரே, 'மழலை நிழல்' என்று குழந்தைகள் குடும்ப நல மையம் நடத்துகிறவள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார்கள். முட்டிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டிக்குப் புத்தி சொல்வார்கள். வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் கிடைத்தால் பெயருக்குப் பெயர், நன்கொடைக்கு நன்கொடை. ஒரு வருஷமாக மையத்தைத் தாங்களே மதிப்பிட்டு, விதிமுறை எழுதி, கோப்பு கோப்பாக அனுப்பினார்கள். ஆள் வந்து கண்ணால் பார்த்து, ஊழியர்களிடம் பேசிவிட்டுப் போவது ஒன்றுதான் பாக்கி. இத்தனை பிள்ளைக்கு ஓர் ஆயா என்று அவர்கள் கணக்கு. ஓர் ஆயா குறைந்தாள். அதற்கென்ன? தன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீரம்மாளுக்கு நீலக் கோட்டை மாட்டினால் தீர்ந்தது.

வீரம்மாளுக்கு ஊர் கமுதிப் பக்கம். புருஷன் செத்த பிறகு மகள் தாமரையை அவன் அண்ணன் முனியசாமி வீட்டில் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வந்தவள். அப்பன் இல்லாத பிள்ளை, வயசுக்கும் வந்தாயிற்று, இனி எவன் காவல் காப்பது என்று முனியசாமி தன் மச்சினனுக்கே பேசி முடித்துவிட்டான். மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தைந்து, தாமரைக்குப் பதினைந்து. பக்கத்து வீட்டுப் போனில் பிள்ளை அழுத அழுகை வீரம்மாளின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

மையத்தின் முகப்பில் என்ன படம் தொங்கியது தெரியுமா? இரட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. கீழே, 'சிறுமியை மணப்பெண் ஆக்காதீர்கள்.' மாட்டியவள் பானுமதி. அடடா, என்ன அக்கறை! வயிறு எரிகிறது.

பார்வையிட வந்த ருக்கையா லண்டனில் குடியேறிய ஹைதராபாத்காரி. பிள்ளைகள் தூங்கும் இடத்தைப் பார்த்தாள், கழிப்பறையைப் பார்த்தாள். பிறகு ஊழியர்களைத் தனித்தனியே கூப்பிட்டாள். வீரம்மாளுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது, நான் சொல்லிச் சொல்லி உதவுகிறேன் என்று பானுமதி கூடவே எழுந்தாள். நிர்வாகி உள்ளே இருக்கக் கூடாது, விதி அப்படி என்றாள் ருக்கையா. கதவு சாத்திக்கொண்டது.

ஓமானில் சலாலாவில் ஓர் உருது பேசும் குடும்பத்தில் வீரம்மாள் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று பானுமதி ஒருநாளும் கேட்டதில்லை.

வீரம்மாள் உருதுவில் வாய் திறந்ததும், குறை இருந்தால் யாரிடம் சொல்வாய் என்று ருக்கையாவும் உருதுவிலேயே கேட்டாள். மேடத்திடம் சொன்னேன் என்றாள் வீரம்மாள். தீர்ந்ததா? வீரம்மாள் அந்தப் பாழாய்ப்போன கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நான் ஆயா இல்லை, வீட்டு வேலைக்காரி என்றாள். பாஸ்போர்ட் அவர்கள் படுக்கையறை அலமாரியில் பூட்டியிருக்கிறது. உங்கள் கணக்கில் ஓர் ஆள் குறையும் என்று தர மறுக்கிறார்கள். வாசலில் தொங்குகிற படத்துப் பிள்ளை வயசுதான் என் மகளுக்கும் என்றாள்.

அன்று மாலையே அலமாரி திறந்தது. பானுமதி வீட்டுக் கூடத்தில் ருக்கையா உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பியபடி பானுமதி சிரித்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, வீரம்மா."

வீரம்மாள் உள்தட்டில் சமையல்காரி ஜுலைஹா பீவியின் பாஸ்போர்ட்டும் டிரைவர் தியாகுவின் பாஸ்போர்ட்டும் இருந்ததைப் பார்த்துக்கொண்டாள்.

திருச்சியில் இறங்கி, பஸ் மாறி மாறி, அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் குழாய் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. பாதி அலங்காரத்தில் இருந்த மகளைக் கையைப் பிடித்து எழுப்பி, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். முனியசாமி மண்ணை வாரித் தூற்றினான். தூற்றட்டும்.

மூன்று மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கையில் பானுமதியின் போன் வந்தது. குரலில் தேன் ஒழுகியது. அங்கீகாரம் கிடைத்துவிட்டதாம். ஆள் குறைந்ததற்குக் கண்டிப்பு, புதிதாக ஓர் ஆயா போட்டதும் சரியாகிவிட்டதாம். ஊழியரின் குறையை அன்றைக்கே தீர்த்து வைத்த நிறுவனம் என்று பாராட்டுக்கூட உண்டாம்.

"ஆண்டு மலர்ல உன் கதையப் போடப் போறோம் வீரம்மா. எங்களால ஒரு பெண் குழந்தை காப்பாத்தப்பட்டிருக்கு. உனக்குச் சம்மதம்தானே?"

வீரம்மாள் சடையின் நுனியில் ரிப்பனைச் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

"போட்டுக்கங்கம்மா. உள்தட்டுல ஜுலைஹா பீவி பாஸ்போர்ட்டும் தியாகு பாஸ்போர்ட்டும் இருந்துச்சுல்ல, அதையும் சேத்துப் போடுங்க. நான் அந்த லண்டன் அம்மா குடுத்துட்டுப் போன நம்பருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."