நாத்தனார் கொண்டுவந்த மீன்

கைராசி இல்லாதவள் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவள் கைபட்டுச் செத்ததை மட்டுமே எல்லாரும் எண்ணுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனலெட்சுமிக்கு அந்தப் பட்டத்தைக் கட்டியவள் அவளுடைய நாத்தனார் வள்ளியம்மா. எதை வைத்து? எட்டு மீன்களை வைத்து!

பக்கத்து வீட்டு சாந்தமேரி ஈப்போவுக்கு மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி அது. இரண்டடி நீளம். அதில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தனலெட்சுமி மண்டையை உடைத்துக்கொண்டாள். பாசாரில் வாங்கிய மீன்களைக் கண்ணாடி ஜாடியில் இரண்டிரண்டாக விட்டு, வாரக்கணக்கில் பார்த்தாள். வரிபோட்ட கெண்டைக் குஞ்சு செப்பாட் மீனின் நீண்ட மீசையைக் கடித்தது. அதைத் திருப்பிக் கொடுத்தாள். சண்டை மீன் அழகுதான், ஆனால் யாரோடும் ஒத்துப்போகாது, வேண்டாம் என்றாள். கடைசியில் கட்டைவிரல் பருமனில் மூன்று செப்பாட், ஊசி போல ஐந்து வெள்ளி மீன்கள். எட்டும் இரண்டு மாதம் சண்டை சச்சரவில்லாமல் இருந்தன. அந்த வீட்டில் அப்படி இருந்தவை அவை மட்டும்தான்.

தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வரலாமா? கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த வள்ளியம்மா, பால் டின்னில் தண்ணீர் ஊற்றி ஒரு சிவப்புக் குஞ்சைக் கொண்டுவந்தாள்.

“எங்க வீட்டுப் பின்னால கால்வாய்ல புடிச்சது. தங்க மீன் லா!”

பந்திங் தோட்டத்தில் வளர்ந்த தனலெட்சுமி அந்தச் சிவப்பை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

“அண்ணி, இது விரால் குஞ்சு. சின்னதுல செவப்பா இருக்கும், வளந்தா கறுத்துடும். கூட இருக்கறதையெல்லாம் தின்னுடும்.”

“ஆசையா கொண்டாந்தத வேணாங்கறா, பாத்தியா தம்பி!”

தனலெட்சுமியின் புருஷன் நாகையா சரக்கு ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி. அங்கே அவர் போடும் சத்தத்தில் கூலிகள் நடுங்குவார்கள். அக்கா முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

“அக்கா குடுத்தது. உள்ள இருக்கட்டும்,” என்று டின்னைத் தாமே தொட்டியில் கவிழ்த்தார்.

மூன்று மாதத்தில் குஞ்சு ஒரு சாண் நீளம் வளர்ந்து கறுத்தது. வெள்ளி மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு செப்பாட். ஞாயிற்றுக்கிழமை தோறும் வள்ளியம்மா வந்து மீன்களை எண்ணுவாள்.

“மறுபடி ஒண்ணு கொறையுதே! நான் குடுத்தது மட்டும் கொழுகொழுன்னு இருக்கு. சில பேரு கையில எதுவுமே தங்காது.”

எதுவுமே என்றால் மீன் மட்டுமல்ல. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் தொட்டில் கட்டாத வீடு அது. விராலை எடுத்துவிடலாம் என்றால் நாகையா விடமாட்டார். அக்கா கேட்டால் என்ன சொல்வது என்பார்.

ஒரு ஞாயிறு காலை, மிச்சமிருந்தது ஒரே ஒரு செப்பாட். நாகையா தொட்டி எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விரால் பாய்ந்தது. செப்பாட்டின் வால் அதன் வாயில் ஒரு கணம் துடித்து உள்ளே போனது. அவர் அதைப் பார்த்ததை, தனலெட்சுமி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

“பாத்தீங்கல்ல? அண்ணி வந்ததும் நீங்களே சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“சரி, சரி. சொல்றேன்.”

பத்து மணி ரயிலில் வந்த வள்ளியம்மா, குடையைக்கூட மடக்காமல் தொட்டியிடம் போனாள்.

“கடைசியும் போச்சா? நான் அப்பவே சொல்லல, இவ கைராசி அப்படின்னு?”

தனலெட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வெயில் ஜாஸ்தி, அக்கா. மோர் குடிக்கிறியா?” என்று அடுப்படிப் பக்கம் நழுவினார்.

அவ்வளவுதான். ஆறு வருஷக் கோபமும் அவள் கைக்கு இறங்கியது. துண்டைப் போட்டு விராலை அமுக்கி எடுத்தாள். அரிவாள்மணையைக் கூடத்து நடுவிலேயே போட்டு உட்கார்ந்து, தலையை நறுக்கி வயிற்றைக் கீறினாள். விரலை விட்டு இழுத்தாள். செப்பாட் முழுசாக வந்தது. அதன் கறுப்புப் பொட்டுகூட அழியவில்லை. அதை நாத்தனார் காலடியில் வைத்தாள்.

“இதுதான் உங்க தங்க மீன். நல்லா பாத்துக்குங்க அண்ணி.”

வள்ளியம்மா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“தம்பி! இங்க வந்து பாரேன் இந்த அநியாயத்த!”

“அவர எதுக்குக் கூப்புடறீங்க?” என்றாள் தனலெட்சுமி. “அவருதான் காலையிலேயே பாத்துட்டாரே.”