ஆறாம் பக்கத்தில் செத்தவன்

நான் எழுதுவது டெக்னோ திரில்லர். எங்கள் வீட்டு வைஃபையை ஒவ்வொரு முறையும் சரிசெய்வது என் மனைவி லினெட்தான் என்பதை அட்டையில் போடுவதில்லை.

முதல் இரண்டு நாவல்களும் பதிப்பக கோடவுனில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவதற்கு எடிட்டர் நிர்மலாதேவி கறாராகச் சொல்லிவிட்டார். “நம்புற மாதிரி இருந்தா போடறேன். இல்லன்னா சமையல் புத்தகம் எழுதுங்க சார். திங்கக்கிழமை வேணும்.” எனக்குச் சமைக்கவும் தெரியாது.

கதை இதுதான்: பெர்லினில் ஒரு ஹேக்கர் பட்டனைத் தட்டுகிறான், புதுச்சேரியில் தண்ணீர் நின்றுவிடுகிறது. சரிபார்க்க லினெட்டின் தம்பி அருள்பிரகாஷிடம் கொடுத்திருந்தேன். மூலக்குளம் பக்கம் ஒரு தண்ணீர் டேங்க்கில் அவன் ஆபரேட்டர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, எங்க வால்வை இரும்புச் சாவி போட்டு ரெண்டு கையால திருப்பணும். பெர்லின்லேர்ந்து கை எட்டுமா?”

“நாவல்டா அது.”

“சரி. ஆறாம் பக்கத்துல ஆபரேட்டர் பிரகாஷ் சாவறானே. வளைஞ்சுபோன கண்ணாடி, டிபன் பாக்ஸ்ல பீட்ரூட் பொரியல்... அது யாரு?”

அவன் கண்ணாடி வளைந்துதான் இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“இந்த மாதிரி கதையில வாட்ச்மேன், ஆபரேட்டர் எல்லாம் முதல் அத்தியாயத்துலயே செத்துடணும் மச்சான். அது சம்பிரதாயம்.”

“அம்மா படிச்சா என்னா ஆவும்?” என்றான். கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் அவனுக்கு போன். ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் வரவில்லையாம். செல்லில் ஆப்பைத் திறந்து காட்டினான்: டேங்க் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறைந்திருந்தது.

“ஏறுங்க வண்டியில.”

டேங்க் அடியில் ஸ்பேனரால் குழாயை ஒரு தட்டு தட்டினான். காலிக்குடம் மாதிரி ஒலித்தது. மோட்டாரைக் கையால் போட்டுவிட்டு ஏணியில் ஏறினான். இறங்கும்போது விரலெல்லாம் ஒட்டடை. மேலே, தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாருக்குக் கீழே ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. சென்சார் அதையே தண்ணீர் என்று நம்பி, டேங்க் நிறைந்துவிட்டதென மோட்டாரை நிறுத்திவிட்டது.

“இந்த சென்சார் வந்தாச்சு, இனிமே ஆபரேட்டர் எதுக்குன்னு கேக்குறாங்க மாமா. நீங்களும் ஆறாம் பக்கத்துலயே முடிச்சுட்டீங்க.”

சாயங்காலமே உட்கார்ந்து மாற்றினேன். ஹேக்கர் பொய்யாக டேங்க் நிறைந்ததாகக் காட்டுகிறான். ஊரே திரையை நம்புகிறது. பிரகாஷ் மட்டும் குழாயைத் தட்டிப் பார்க்கிறான். ஆனால் ஆறாம் பக்கத்தில் யாராவது செத்தாக வேண்டுமே. தகவல் சேகரிக்க டேங்க் ஏறிய தொப்பை எழுத்தாளர் ஒருவர், பதினாலாவது படியில் வழுக்கி விழுந்தார்.

திங்கட்கிழமை அனுப்பினேன். புதன்கிழமை நிர்மலாதேவி கூப்பிட்டார்.

“போடறோம் சார். அந்த எழுத்தாளர் சாவு இருக்கே, அப்படியே நம்புற மாதிரி இருக்கு.”

அருளிடம் சொன்னேன். புதுப் பக்கங்களை அவன் என் மாமியாருக்குப் படித்துக் காட்டியிருந்தான்.

“பிரகாஷ் பொழைச்சதுல அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் மாமா.”

“எழுத்தாளர் செத்ததுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் சொல்லல.”