எமோரி திருப்பிக் கொடுத்த திமிங்கலப் பல்

தப்புச் செய்தவன் மன்னிப்புக்காக நீட்டுகிற திமிங்கலப் பல்லை வாங்கியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் அந்தத் தப்பை வாயில் எடுக்கிறவன்தான் தப்புக்காரன். எமோரி அப்படிக் கேட்டே வளர்ந்தவன். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவனுக்கு வேறு சட்டம் யார் சொல்லிக் கொடுப்பது?

அந்த ஆஸ்திரேலியாக்காரன் வருஷா வருஷம் கடற்கரை விடுதிக்கு வருகிறவன். முதல் தடவையே, ஊர்ச் சடங்கில் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுவந்து ஊர்த்தலைவர் முன்னால் வைத்தான். வேரை ஏற்றுக்கொண்டால் வந்தவன் ஊர்ப்பிள்ளை. ஊர்ப்பிள்ளையை எந்த வீடும் கதவடைத்து வைக்காது. பிள்ளைகளுக்குப் பந்தும் பையுமாக அள்ளிக் கொடுத்தான். போன வருஷம் எமோரியின் மகள் லுவிசா, பதினோரு வயசு, தாயில்லாப் பிள்ளை, இனி அவன் இருக்கிற பக்கமே போகமாட்டேன் என்று அழுதாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

எமோரி வெட்டுக்கத்தியோடு கிளம்பினான். அண்ணன் வைசாலே குறுக்கே விழுந்து மறித்தான். மறுநாள் விடுதி மேலாளர் அந்த ஆஸ்திரேலியாக்காரனுக்காகத் திமிங்கலப் பல்லோடு வந்து மன்னிப்புக் கேட்டார். வைசாலே வாங்கிக்கொண்டான். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் உள்ளங்கையைக் குழித்துத் தட்டினார்கள். அந்த ஆஸ்திரேலியாக்காரனும் விமானம் ஏறிப் போய்விட்டான்.

இப்போது தலைநகர் சுவாவிலிருந்து வசிதி என்கிற பெண் போலீசும், சிட்னியிலிருந்து பிரீன் என்கிற போலீஸ் அம்மாளும் சேர்ந்து வந்து எமோரி வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆஸ்திரேலியாக்காரனைச் சிட்னியில் பிடித்து வைத்திருக்கிறார்களாம். வேறு தீவுப் பிள்ளைகளும் அவனால் கெட்டிருக்கிறார்களாம். எந்த மண்ணில் செய்திருந்தாலும் அவன் நாட்டுக் கோர்ட்டே விசாரிக்குமாம். லுவிசா எங்கேயும் போக வேண்டாம், அவன் முகத்தையும் பார்க்க வேண்டாம், இங்கேயே வசிதியிடம் சொன்னால் போதும் என்றார்கள். அப்பன் சரி என்று சொல்ல வேண்டும், பிள்ளைக்கும் மனசு வேண்டும்.

"ஒரு வெள்ளைக்காரன் வந்தான், மானம் போச்சு. இப்ப வெள்ளைக்காரி வந்திருக்கா, மிச்சத்தையும் மூட்டை கட்டிட்டுப் போக" என்றான் வைசாலே. வசிதி தேநீரைக் குடித்தாள்.

எமோரி எழுந்து பின்கட்டுக்குப் போனான். லுவிசா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட சொல்றியாம்மா?"

"சொல்லலாமாப்பா?"

"ஏன் கேக்குற?"

"நீங்க எல்லாருந்தான் கை தட்டிட்டீங்களே. இங்க இருந்து கேட்டேன். உன் கைச் சத்தம் எனக்குத் தெரியும்."

எமோரி அங்கேயே குந்தினான். மூட்டை தூக்கிக் காய்த்த கை. தட்டினால் பலகையில் அடிக்கிற மாதிரி கேட்கும். எத்தனை பேர் நடுவிலும் மறைக்க முடியாத சத்தம்.

பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய், கூரைக்குக் கீழே தொங்கிய பல்லை எடுத்தான். வைசாலே வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"இத எடுத்துட்டுப் போனா, நாளைக்கு உன் குழிய வெட்ட ஒரு பய வரமாட்டான்."

"வர வேணாம்ணே. இன்னிக்கு வழிய விடு."

பட்டப்பகலில் ஊர் பார்க்க விடுதி வரைக்கும் நடந்து, மேலாளர் காலடியில் பல்லை வைத்துவிட்டுத் திரும்பினான். யாரும் கை தட்டவில்லை.

தேவாலயக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு லுவிசா வசிதியிடம் பேசினாள். எமோரி வெளியே மாமரத்தடியில் நின்றான். வெளியே வந்தவள் அவன் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். சாப்பாட்டு வேளை. பாதையில் யார் போனாலும் "வா, சாப்பிடு" என்று கூப்பிடுகிற ஊர் அது, பகையாளியையும் கூப்பிடும். அன்று ஒரு வீட்டிலிருந்தும் குரல் வரவில்லை.

வீட்டில் எமோரி மரவள்ளிக்கிழங்கை அவித்து இறக்கினான். வாசலில் வைசாலேயின் பெண்டாட்டி விறகோடு போய்க்கொண்டிருந்தாள்.

"வா பெரியம்மா, சாப்பிடு" என்றாள் லுவிசா.

பெரியம்மா நின்றாள். திரும்பவில்லை. தலைச்சுமை ஒருமுறை ஆடியது. பிறகு நடந்து போய்விட்டாள்.