ஆமினா பீவி சொல்லாமல் விட்ட சொல்

1994 பிப்ரவரி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குச் சென்னிமலை தனி மாநிலமாகப் பிரிந்தது. பிரிந்த அதே நிமிடம் ஊத்துக்குளிக்குக் கிழக்கே தரை ஒரு சாண் அகலத்துக்கு விலகியது. வடக்கிலிருந்து தெற்காக, தோட்டங்களையும் ஒரு தபால் நிலையத்தையும் அறுத்துக்கொண்டு அந்த விரிசல் போனது. ஆழம் எவ்வளவு என்று கிணற்றுக் கயிறு விட்டுப் பார்த்தார்கள், எட்டவில்லை. தபால் நிலையத்தின் முத்திரைக் கட்டை மேற்கிலும் மைத்தட்டு கிழக்கிலும் இருந்ததால், போஸ்ட் மாஸ்டர் ஒவ்வொரு தபாலுக்கும் ஒரு முறை விரிசலைத் தாண்டினார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் மூன்று வருடமாகத் திங்கட்கிழமை சிவப்பாகவும் புதன்கிழமை நீலமாகவும் வந்துகொண்டிருந்தது. மேற்கே சாயம் போட்டார்கள், கிழக்கே குடித்தார்கள். ஏப்ரலில் காங்கயமும் வெள்ளகோவிலும் பிரிந்தன. ஆடி மாதம் பவானியும், குதிரைச் சந்தை முடிந்த மறுநாள் விற்காத குதிரைகளோடு அந்தியூரும் பிரிந்தன. ஐந்தும் சேர்ந்து தங்களைக் கிழக்கு என்று அழைத்துக்கொண்டன. பிரிவை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று கோயம்புத்தூர் சொன்னது. டெல்லி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஒரு வரைபடம் கேட்டுக் கடிதம் எழுதியது. வரைபடம் போய்ச் சேருவதற்குள் போர் வந்துவிட்டது.

மேற்குப் படைக்குத் தளபதியாக வெங்கடபதி பொறுப்பேற்றார். பீளமேட்டில் பம்புசெட் வார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். வார்ப்பில் ஒரு மயிரிழை பிசகினாலும் மொத்தத்தையும் உருக்கிவிடுகிற மனிதர். முதல் மூன்று மாதம் தினமும் சண்டை நடந்தும் ஒருவரும் சாகாதது அவருக்கு உறுத்தியது. நேரில் போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இந்தப் பக்கத்து வீரன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, "ஏனுங்க, சுடப் போறமுங்க, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்றான். "ஒரு நிமிசம் இருங்க, சோறு தின்னுபோட்டு வாரமுங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. இவர்கள் காத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து, குனிந்துகொண்டு, "சரிங்க" என்ற பிறகுதான் சுட்டார்கள்.

வெங்கடபதி அன்றே முதலாம் எண் ஆணையைப் பிறப்பித்தார்: படையில் யாரும் 'ங்க' சேர்த்துப் பேசக் கூடாது. நான்கு நாளில் கிழக்கும் அதே ஆணையைப் போட்டது. ஐந்தாம் நாள், வெள்ளகோவிலைச் சேர்ந்த முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர் நெற்றியில் குண்டு பட்டு இறந்தார். விரிசல் இன்னொரு சாண் அகன்றது. அதற்குப் பிறகு சாவுக்கு ஒரு சாண் என்று கணக்கு தவறவே இல்லை. வருடக் கடைசியில் எண்பது பேர் செத்திருந்தார்கள், விரிசல் அறுபது அடியைத் தாண்டியிருந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலிருந்து இரும்பு உத்தரங்கள் கொண்டுவந்து நடைபாலம் ஒன்று போட்டார்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அதைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது.

பாலத்தின் மேற்குக் கரையில் ஒரு மேசை. தாலுகா அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுதிப் பழகிய திருமலைசாமி அதில் உட்கார்ந்து, வருபவர்களையும் போகிறவர்களையும் பதிவேட்டில் எழுதினார். ஒரு வரி முடியாமல் அடுத்த வரியைத் தொட மாட்டார். அடித்தல் திருத்தல் அவர் கையெழுத்தில் கிடையாது. ஆனால் அந்தப் பதிவேட்டால்தான் மேற்கு ஒரு பெரிய சண்டையில் தோற்றது. போகிற யாரும் போகிறேன் என்று சொல்லவில்லை. செத்தவர்தான் போவார், உயிரோடு இருக்கிறவர்கள் வாசல் தாண்டும்போது "வாரேனுங்க" என்றுதானே சொல்வார்கள். திருமலைசாமி காதில் விழுந்ததை அப்படியே எழுதினார். ஒரே மாதத்தில் ஏழாயிரம் பேர் வந்ததாகவும் ஒருவர்கூடப் போகவில்லை என்றும் ஏடு காட்டியது. அதை நம்பி, இல்லாத நானூறு பேரை வெங்கடபதி ஒரு மேட்டில் காவலுக்கு நிறுத்தினார். கிழக்கு அந்த மேட்டை ஒரு குதிரையை அனுப்பிப் பிடித்தது.

அதனால் பிறந்தது இரண்டாம் எண் ஆணை. வெளியேறுகிறவர் 'போ' என்று தொடங்கும் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை ஏட்டில் எழுதிய பிறகே பாலத்தில் கால் வைக்க வேண்டும். படைக்கும் இதுவே சட்டம். போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அதன் பிறகு திரும்பவில்லை. திரும்ப முயன்றவர்கள் உண்டு. நடக்க நடக்கப் பாலம் நீண்டுகொண்டே போகிறது, அரை நாள் நடந்தும் மேற்குக் கரை வரவில்லை என்று கார்டு எழுதிப் போட்டுவிட்டு, கிழக்கிலேயே ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டார்கள்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் போர்வை மொத்த வியாபாரம் செய்த ரசாக், தரை விலகிய செவ்வாய்க்கிழமை சென்னிமலையில் ஒரு தறிக்காரர் வீட்டில் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து திரும்ப விடவில்லை. முதலில் விருந்தாளி என்றார்கள், பிறகு கைதி என்றார்கள், கடைசியில் துப்பாக்கியைக் கொடுத்து வீரன் என்றார்கள். 1995 மார்ச் பன்னிரண்டாம் தேதி அவர் மனைவி ஆமினா பீவிக்கு ஒரு கார்டு வந்தது. இருபதாம் தேதி பெரிய சண்டை, முன் வரிசையில் நிறுத்துகிறார்கள், இல்மாவையும் ஷைமாவையும் பார்த்துக்கொள் என்று மட்டும் இருந்தது. ஆமினா பீவி கார்டை இரண்டு முறை படித்தார். பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளிடம் மகள்கள் இருவரையும் ஒப்படைத்தார். பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க போகோணுங்க?" என்று கேட்டார் திருமலைசாமி.

"சென்னிமலைக்குங்க. எங்க ஊட்டுக்காரரு அங்க மாட்டிக்கிட்டாரு. கூட்டியாரோணும்."

"அந்த வார்த்தையச் சொல்லிப்போடுங்க அம்மணி. எழுதிக்கிறேன்."

"அதச் சொன்னவீக ஒருத்தருந் திரும்பலையாமா. ஊட்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்கள உட்டுப்போட்டு வந்திருக்கறனுங்க."

"சட்டமுங்க. நானென்ன பண்றது?"

"அந்தச் சட்டத்த ஒருக்காப் படிங்க, கேக்கறேன்."

திருமலைசாமி படித்தார். 'போ' என்று தொடங்கும் சொல். போறேன், போறோம், போகிறேன் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள் என்பதற்காகப் பொதுவாக எழுதி வைத்திருந்தார்கள். ஆமினா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "போயிட்டு" என்றார்.

திருமலைசாமி வரிசை எண், பெயர், ஊர் எல்லாம் எழுதி, சொன்ன சொல் என்ற கட்டத்தில் 'போயிட்டு' என்று எழுதினார். பேனாவை எடுக்காமல் மீதிக்குக் காத்திருந்தார். ஆமினா பீவி வாயை இறுக மூடிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டார். "மீதியச் சொல்லுங்க அம்மணி" என்று கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அக்காளுக்கு மீதி வார்த்தை சென்னிமலைலதான் கெடைக்குமாட்டிருக்குது" என்று வரிசையில் நின்ற ஒரு வீரன் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் நாள் முழுக்க அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பேனா தாளை விட்டு வரவில்லை.

சாயங்காலம் வெங்கடபதி வந்தார். இருபதாம் தேதித் தாக்குதலுக்கு ஆயிரத்து இருநூறு பேர் பாலம் தாண்ட வேண்டும். அதற்கு ஆயிரத்து இருநூறு வரிகள் எழுதியாக வேண்டும்.

"யோவ், அந்த வரிய அடிச்சுப்போட்டு அடுத்தத எழுது."

"பேனா நகர மாட்டீங்குதுங்க."

"வேற பேனா எடு."

"இந்த வரி இன்னும் முடியலீங்களே."

நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மேசை நகர்ந்தது, நாற்காலி உடைந்தது, பேனா அப்படியே நின்றது. தொட்ட இடத்தில் மை ஈரமாகவே இருந்தது. பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தார்கள், தாள் கிழியவில்லை. திருமலைசாமி பேனாவை விட்டுக் கையை எடுத்த பிறகும் அது தானாக நின்றது. எழுதாமலே போகலாம் என்று வெங்கடபதி உத்தரவிட்டார். முதல் வீரன் பாலத்தில் வைத்த கால் பலகைக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றது. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. ஆறு நாள் அப்படியே கழிந்தது. போகாவிட்டால் என்ன, இருந்த இடத்திலிருந்தே சுடலாம் என்று வெங்கடபதி முடிவு செய்தார்.

ஆமினா பீவி அந்த ஆறு நாளும் தறிப்பட்டறை தறிப்பட்டறையாக ரசாக்கைத் தேடினார். பேரைச் சொல்லிக் கேட்டால் ஆளை மறைத்துவிடுவார்கள் என்று பயந்து, போர்வை வாங்க வந்தவளைப் போல விலை விசாரித்துக்கொண்டே திரிந்தார். இருபதாம் தேதி காலை, படை விரிசலோரம் போய்விட்டது என்று கேள்விப்பட்டு ஓடினார். கிழக்குக் கரையில் இருநூறு பேர் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். இடப் பக்கத்திலிருந்து ஒன்பதாவது ஆள் ரசாக். ஆமினா பீவி அவரைக் கண்டுபிடித்த நேரமும் மேற்குக் கரையில் துப்பாக்கிகள் வெடித்த நேரமும் ஒன்று.

குண்டுகள் வந்தன. வந்து நின்றன. சில விரிசலின் நடுவில், சில கரையோரம், சில ஆட்களின் முகத்துக்கு முன்னால், காற்றில் ஆணி அடித்தது போல நின்றன. ரசாக்குக்கு வந்தது அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கிழக்கு திருப்பிச் சுட்டதும் அப்படியே நின்றது. பத்து நிமிடம் யாரும் அசையவில்லை. ரசாக் குண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் வந்து நின்ற மனைவியிடம் பேசினார்.

"புள்ளைங்கள யாருகிட்ட உட்டுப்போட்டு வந்தே?"

"தெய்வாத்தாக்காகிட்டங்க."

"என்ன சொல்லிப்போட்டு வந்தே?"

"போயிட்டு வா..." என்று ஆமினா பீவி சொல்லத் தொடங்கினார். குண்டு நான்கு விரற்கடை முன்னே வந்தது. வரிசை நெடுக எல்லாக் குண்டுகளும் நான்கு விரற்கடை நகர்ந்தன. யாரோ "யா அல்லா" என்றார்கள், யாரோ "முருகா" என்றார்கள். ஆமினா பீவி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குண்டுகள் மறுபடி நின்றன. எதனால் நிற்கின்றன என்று அப்போது அவருக்கு விளங்கியது. அங்கே இருந்த இருநூறு பேருக்கும் விளங்கியது. அந்தச் சொல்லைத் தவிர மற்ற எதைக் கேட்டாலும் பதில் சொல்வதாக அவர் கையாலேயே காட்டினார்.

கிழக்குக் கரை மேசையில் நாச்சியம்மாள் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே இரண்டாம் எண் ஆணை வரவில்லை. தன் குண்டுக்கு ஒதுங்கி எழுந்து வந்த ரசாக் மேசைக்கு முன்னால் நின்று பழக்கதோஷத்தில் "வாரேனுங்க" என்றார். நாச்சியம்மாள் அவரை உள்ளே வந்தவராக எழுதிக்கொண்டு, "வாங்க" என்று பாலத்தைக் காட்டினார். அந்த ஏட்டின்படி ரசாக் இன்றும் சென்னிமலையில்தான் இருக்கிறார்.

இருவரும் தொங்கும் குண்டுகளுக்குக் குனிந்தும் ஒதுங்கியும் பாலத்தைக் கடந்தார்கள். பாலம் நீளவில்லை. மேற்குக் கரையில் வெங்கடபதியும் ஆயிரத்து இருநூறு பேரும் காத்திருந்தார்கள்.

"வந்தாச்சல்ல? அந்த மீதியச் சொல்லும்மா" என்றார் வெங்கடபதி.

ஆமினா பீவி பின்னால் பார்த்தார். கிழக்குக் கரையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர், எழச் சொல்லி உத்தரவு வராமல், இன்னும் மண்டியிட்டுத்தான் இருந்தார்கள். இந்தக் கரையிலும் அதே மாதிரி வரிசை இருந்தது; அவர்களுக்கு முன்னாலும் குண்டுகள் நின்றன. ரசாக்குக்கு முன்னால் இப்போது எதுவும் இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்போது திருமலைசாமி, "வேண்டாமுங்க அம்மணி" என்றார். அவருடைய இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு வரியைப் பாதியில் விடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மத்த எதை வேணாலுங் கேளுங்க, சொல்றேன்" என்றார் ஆமினா பீவி. "அத மட்டுங் கேக்காதீங்க."

"சொல்லாட்டி ரெண்டு பேரையும் உள்ள உட மாட்டேன்."

"இந்தம்மா இன்னும் போகவே இல்லீங்களே" என்று திருமலைசாமி ஏட்டைத் திருப்பிக் காட்டினார். "வரி முடியலீங்க. போகாதவீகள உள்ள வராதீங்கன்னு எப்பிடிங்க சொல்றது?"

"இந்தாளு?"

"அவரு போனப்ப சட்டமே இல்லீங்க."

வெங்கடபதி பதிவேட்டை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். சட்டம் அவர் வார்த்த சட்டம். பிசகு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அவர் ஒதுங்கி நின்றார். ஆமினா பீவியும் ரசாக்கும் ஊத்துக்குளி வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, விளக்கு வைப்பதற்குள் உக்கடம் போய்ச் சேர்ந்தார்கள்.

படைகள் அந்தச் சொல்லுக்காகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் காத்திருந்தன. முதல் மாதம் வெங்கடபதியின் ஆட்கள் உக்கடத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆமினா பீவி வாய் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்கள். பிறகு டீ வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கேட்டார்கள். நிலக்கடலை பிடுங்க ஆள் இல்லை என்று சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், மில் திறந்துவிட்டது என்று சிலர். மிச்சம் இருந்தவர்களின் பேச்சில் 'ங்க' ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்கள் குறையக் குறைய விரிசலும் குறுகியது. 1997 தையில் அது மறுபடி ஒரு சாணுக்கு வந்து, அதற்கு மேல் குறுகாமல் நின்றுவிட்டது. ஐந்து மாநிலங்களும் திரும்பச் சேரவும் இல்லை, முழுதாகப் பிரியவும் இல்லை. டெல்லியில் அந்தக் கோப்பின் மேல் 'நிலுவை' என்று எழுதிக் கட்டி வைத்தார்கள். பேனா நிற்கும் மேசைக்கு மேலே திருமலைசாமி சொந்தச் செலவில் ஒரு தகரக் கொட்டகை போட்டுவிட்டு ஓய்வு பெற்றார். ரசாக் மாதம் இரண்டு முறை சென்னிமலைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருகிறார். ஆமினா பீவி விசேஷ வீடுகளில் கை கழுவியதும், யாரிடமும் எதுவும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வீட்டுக்காரர்கள் வாசல் வரை வந்து, "சரிங்க, சரிங்க" என்று அவசரமாக வழியனுப்புகிறார்கள்.

விரிசல் சுருங்கியபோது குண்டுகளும் நெருங்கி வந்து, பஸ் ஜன்னல் உயரத்தில் ரோட்டின் இரு ஓரமும் தங்கிவிட்டன. ஊத்துக்குளியைத் தாண்டியதும் கண்டக்டர், "குண்டு வருதுங்க, கைய உள்ள வெச்சுக்குங்க" என்று குரல் கொடுக்கிறார். ஜன்னலோரம் இருக்கிறவர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். பஸ் ஒரு முறை தூக்கிப் போடுகிறது, பேசிக்கொண்டிருந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசுகிறார்கள்.